மோட்டருக்கு மாலை போட்ட வெள்ளிக்கிழமை

இப்படிப்பட்ட அனுபவங்களை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுத வேண்டும் என்பார்கள். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, இருமிக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும். எனக்கு இன்னும் முப்பது வயதாகவில்லை. கண்ணாடியும் கிடையாது. ஆனால் உடப்புசல்லாவைப் பக்கம் மாற்றலாகிப் போகிறேன். என் இடத்துக்கும் பக்கத்துத் தோட்டங்களுக்கும் புதிதாக மருத்துவச்சி வேலைக்கு வருகிற தங்கைமார், "அக்கா, போவதற்கு முன் ஏதாவது சொல்லிவிட்டுப் போங்கள்" என்று கேட்டார்கள். யாராவது என்னிடம் ஏதாவது சொல்லச் சொன்னால் மறுக்கும் பழக்கம் எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

பிரசவம் பார்ப்பது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்லப்போவது ஒரு படகைப் பற்றி. அதன் பின்பக்கம் நான் மாட்டிய ஒரு கரண்டு மோட்டரைப் பற்றி.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்த முதல் ஆள் நான்தான். அம்மா மாரியாயி தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். கொழும்பில் பயிற்சி முடித்து, வெள்ளைச் சேலையும் கறுப்புத் தோல்பையும் குடையுமாக அட்டனில் ரயிலை விட்டு இறங்கிய அன்று, ஸ்டேஷனே எழுந்து நிற்கும் என்று நினைத்தேன். ஒரு போர்ட்டர் மட்டும் எழுந்து நின்றார். அவரும் எனக்குப் பின்னால் வந்த துரைக்காகத்தான் எழுந்தார்.

தோட்டத்தில் எல்லோரும் என்னை "மிஸ்" என்று கூப்பிட வேண்டும் என்பது என் ஆசை. வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். "சரி புள்ள" என்றார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம், நான் "மாரியாயி மக"தான். என்னை மரியாதையாக அழைத்தது ஒரே ஒரு ஆள். எங்கள் படகுக்காரர் சிறிபால. கீழே உள்ள சிங்களக் கிராமத்துக்காரர். அவர் "மிஸ்ஸி" என்பார். அதற்காகவே அவரை எனக்கு நிறையப் பிடிக்கும்.

படகு எதற்கு என்று கேட்பீர்கள். கரண்டு எடுப்பதற்காக ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். பள்ளத்தில் தண்ணீர் ஏறி நின்றது. எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு, நாங்கள் பணியக்கணக்கு என்று சொல்வது, அக்கரைக்குப் போய்விட்டது. ரோட்டால் சுற்றிப் போனால் அரை நாள். படகில் போனால் ஒரு பாட்டம் வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம், காற்று எதிரே அடிக்காவிட்டால். எதிர்காற்று அடித்தால் சிறிபால துடுப்புப் போடப் போட, கரை அப்படியே நின்று எங்களை வேடிக்கை பார்க்கும்.

பணியக்கணக்கில் காமாட்சி இருந்தாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவள். என்னைவிடக் கெட்டிக்காரி. கணக்கை அவள் பார்த்துச் சொல்ல நான் எழுதுவேன். அதன் பிறகு அவளைத் தம்பி தங்கைகளைப் பார்க்க நிறுத்திவிட்டார்கள். என்னை என் அம்மா நிறுத்தவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். இதை அன்றைக்கு நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் வேலைக்கு வந்த முதல் வருடம் காமாட்சிக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. அன்று எதிர்காற்று. நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து, அவளுடைய மாமியார் பொன்னம்மா கவ்வாத்துக் கத்தியால் தொப்புள்கொடியை அறுத்து, சாம்பலும் வைத்துக் கட்டிவிட்டார். வேண்டாம் என்று நான் முன்பே சொல்லியிருந்தும், அது தப்பு என்று அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படித்தான் அறுத்தார்கள். ஒரு வாரம் பிள்ளை நன்றாகத்தான் இருந்தது. எட்டாம் நாள் பால் குடிக்க வாயைத் திறக்கவில்லை. தாடை பூட்டிக்கொண்டது. அதன் பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்தியில் இருந்து வரும் ஜன்னி என்ன செய்யும் என்று நீங்களும் படித்திருக்கிறீர்கள்.

காமாட்சி மறுபடி முழுகாமல் இருந்தபோது நான் அவளிடம் போய் வாக்குக் கொடுத்தேன். "இந்தத் தடவை நான் முந்தி வந்திருவேன். நான் வராம யாரும் கொடியத் தொடக்கூடாது."

காமாட்சி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீ வந்திருவ. ஒன் படகு வரணுமே."

அந்த ஒரு பேச்சுத்தான் என்னைப் பெரிய துரையின் பங்களாவுக்கு அனுப்பியது. இன்னும் ஒரு படகுக்காரர் வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். துரை யோசித்துவிட்டு, உள்ளே இருந்து ஒரு நீளப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். மீன் பிடிப்பதற்காக வெளிநாட்டிலிருந்து அவருடைய மைத்துனர் அனுப்பிய கரண்டு மோட்டர். பெட்டரியில் ஓடும், சத்தம் போடாது, மீன் பயப்படாது. ஆனால் அந்த மீன்கள் துரைக்கும் பயப்படவில்லை. ஒன்றுகூடச் சிக்காததால் அவருக்கு அலுத்துவிட்டது. எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார்.

டிஸ்பென்சரி வராந்தாவில் பெட்டியைத் திறந்தோம். ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய். அடியில் பெரிய கத்தரிக்காய் அளவில் மோட்டர், அதன் வாலில் இரண்டு இதழ் வைத்த விசிறி. மேலே கைப்பிடி, ஒரு சுவிட்ச், இரண்டு வயர். படகுப் பலகையில் கவ்வ வைக்க இரண்டு திருகாணி. கூடவே இங்கிலீஷில் ஒரு சின்னப் புத்தகம்.

தேயிலை ஸ்டோரில் இயந்திரம் பார்க்கும் மெக்கானிக், நாங்கள் பாஸ் என்று கூப்பிடுகிறவர், வந்து, தான் மாட்டித் தரட்டுமா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. இங்கிலீஷ் தெரிந்த ஆள் நான் இருக்கும்போது அவர் எதற்கு? வயர் முறுக்க மட்டும் அவரை வைத்துக்கொண்டேன். உண்மையில் என் இங்கிலீஷ் ஆஸ்பத்திரி இங்கிலீஷ். நாடித்துடிப்பு, காய்ச்சல், மலச்சிக்கல் இவை எல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தப் புத்தகத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. முழுக்கப் படகுக்காரர்களின் வார்த்தைகள். என்னிடம் இருந்த அகராதிக்கும் அவை தெரியவில்லை. அதனால் நான் படத்தைப் படித்தேன். அட்டையில் ஒரு வெள்ளைக்காரர், தொப்பி, வாயில் பைப், ஒரு கையில் தூண்டில், மறு கை கைப்பிடியில். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவருக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரிந்துவிட்டது என்று புத்தகத்தை மூடினேன்.

தங்கைமாரே, தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்வதற்கு நம் வேலையில் தினமும் சந்தர்ப்பம் வரும். அன்றைக்கு வந்த சந்தர்ப்பத்தை நான் தவறவிட்டேன்.

மோட்டரைப் பின்பலகையில் மாட்டினேன். பழைய லொறி பெட்டரியை அதன் பக்கத்தில் வைத்தேன், வயர் குட்டையாக இருந்ததால். கைப்பிடி பிடிக்க சிறிபாலவும் பின்னால் உட்கார்ந்தார். படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. பின்பக்கத்தால் தண்ணீர் உள்ளே வரப் பார்த்தது. பாஸ் போய் நீள வயர் கொண்டு வந்து கொடுத்தார். பெட்டரியை நடுவுக்கு மாற்றினோம். அப்போதும் மூக்கு முழுதாக இறங்கவில்லை. நான் முன்னால் போய் உட்கார்ந்ததும் இறங்கியது. மரியாதைக்குரிய இடம் என்று நான் நினைத்து உட்கார்ந்த அந்த முன் ஆசனத்தில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கை வைத்திருந்தாலும் அதே வேலையைச் செய்திருக்கும்.

முதல் ஓட்டம் பார்க்கப் பெரிய துரையே வந்தார். நான் சைகை காட்டினேன். சிறிபால சுவிட்சைப் போட்டார். மோட்டர் மெல்ல முனகியது. படகு கிளம்பியது, பின்பக்கமாக. குழாயை நான் முன்பின் மாற்றித் திருப்பி வைத்திருக்கிறேன். படகு நேரே வந்து கரையில் முட்டி, துரையின் காலுறைவரை சேற்றை அடித்தது. முட்டிய வேகத்தில் மோட்டர் பலகையிலிருந்து கழன்று எகிற, சிறிபால அதை மார்போடு அணைத்துக்கொண்டு விழுந்தார்.

துரை குனிந்து காலைத் துடைத்தார். பிறகு தன்னுடைய தோட்டத் தமிழில் சொன்னார்: "நல்லா போகுது. ஆனா பின்னாலே போகுது."

குழாயைத் திருப்பி வைத்தோம். இனி கழலவே கூடாது என்று பாஸிடம் சொல்லி, திருகாணியை ஸ்பேனரால் இறுக்கி, அது போதாதென்று கட்டுக்கம்பியால் பலகையோடு சேர்த்துச் சுற்றிக் கட்டவும் வைத்தேன். அது தேவையா என்று பாஸ் கேட்டார். தேவை என்றேன். இந்தக் கம்பியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

புது வண்டி, புது இயந்திரம் எதுவும் பூசை இல்லாமல் நம் தோட்டத்தில் ஓடாது. படகு மோட்டருக்கும் பூசை போட வேண்டும் என்று மேப்பிரிவுப் பெரிய கங்காணி சொன்னார். வெள்ளிக்கிழமை காலை படகுத்துறையில் கூட்டம். மோட்டர் தலைக்குச் சந்தனம், குங்குமம். செவ்வந்தி மாலை ஒன்று, என் கை நீளத்துக்கு மேலே இருக்கும். வாழைநார் காற்றுக்கு அறுந்துவிடும் என்று, ஸ்டோரில் சாக்குத் தைக்கும் சணல் நூலில் கட்டியிருந்தார்கள். நல்ல கெட்டி நூல்.

யார் பெயரில் பூசை என்று பூசாரி கேட்டபோது, "மிஸ் பேரில்" என்று கங்காணி சொல்வார் என எதிர்பார்த்து முகத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டேன். கங்காணி உரக்கச் சொன்னார்: "நம்ம மாரியாயி மக பேருல." என் அம்மா கூட்டத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். எனக்கு எரிச்சல். ஆனாலும் முதல் திருநீறு எனக்குத்தான் வந்தது. அதை விட்டுக்கொடுக்க நான் முட்டாள் இல்லை.

படகை அலங்கரிக்கும்போது துடுப்புகள் இரண்டையும் எடுத்து வெளியே சாய்த்து வைத்திருந்தார்கள். அவற்றைத் திருப்பி வைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். புத்தகத்து அட்டைப் படத்தில் துடுப்பு இல்லை என்று நான் சொன்னேன். சிறிபாலவுக்கு என்னைவிட சந்தோஷம். அந்தத் துடுப்புகளால் அவருடைய உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. "மோட்டர் இருக்கிறது தானே மிஸ்ஸி, அது எதுக்கு" என்று அவற்றைப் பார்க்கக்கூட விரும்பாமல் திரும்பிக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி யோசித்தது அந்த ஒரு தடவைதான்.

கற்பூரம் இன்னும் அணையவில்லை. அக்கரையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் தண்ணீர் மேல் வந்தது. காமாட்சிக்கு வலி கண்டுவிட்டது, சீக்கிரம் வரச் சொல்கிறார்கள்.

கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்போது என் மனத்தில் என்ன இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். கவலை இல்லை. சந்தோஷம். இதைவிட நல்ல நேரத்தை யாராலும் குறித்துக் கொடுத்திருக்க முடியாது என்று தோன்றியது. வெள்ளைச் சேலையில் எண்ணெய் படாமல் இருக்க, தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றை முன் ஆசனத்தின் மேல் போட்டு அதில் உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக் குடையை விரித்தேன்.

மாலையைக் கழற்றட்டுமா என்று சிறிபால கேட்டார். கிளம்பும்போது கழற்றுவது நன்றாயிருக்காது, அக்கரை போய்க் கழற்றலாம் என்றார் கங்காணி. கழற்ற வேண்டாம் என்று நானும் சொன்னேன். கங்காணிக்குக் காரணம் சாமி. எனக்குக் காரணம், அக்கரைக்காரர்களும் மாலையோடு பார்க்க வேண்டும் என்பது.

பெண்கள் குலவை போட்டார்கள். படகு முன்னால் போனது. தண்ணீரில் சத்தமே இல்லை. எதிர்காற்று லேசாக அடித்தும் கரை எங்களை நோக்கி வந்தது. சிறிபால ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வெற்றிலை மடித்தார். நான் அட்டைப் படத்து வெள்ளைக்காரர் மாதிரி இருந்தேன். பைப் மட்டும்தான் இல்லை.

பாதி தூரத்துக்கு மேல் வந்ததும் திரும்பிப் பார்த்தேன். மாலை மோட்டர் தலையிலிருந்து சரிந்து குழாயில் இறங்கியிருந்தது. அதன் ஒரு நுனி தண்ணீரைத் தொட்டு இழுபட்டுக்கொண்டு வந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு அதை எடுக்கச் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கரையில் ஆட்கள் கூடி நிற்பதைப் பார்த்தேன். நடுவில் நின்றால் மோட்டர் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார்களே. வாயை மூடிக்கொண்டேன்.

சொல்ல ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லாமல் விட்டதுதான் அன்று நான் செய்த எல்லாப் பிழைகளுக்கும் தலை. மற்றவை தெரியாமல் செய்தவை. இது தெரிந்தே.

மாலை ஒரே மூச்சில் உள்ளே போனது. முனகல் உறுமலாகி நின்றது. செவ்வந்தி இதழ்கள் மட்டும் படகைச் சுற்றி மிதந்தன. சிறிபால சுவிட்சை அணைத்துப் போட்டார், அணைத்துப் போட்டார். கருகல் வாசனை வந்தது. போதும் விடுங்கள் என்றேன்.

"யன்னே நே மிஸ்ஸி" என்றார். போகாது என்று அர்த்தம். அதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மோட்டரை மேலே தூக்கினால் நூலை எடுத்துவிடலாம். தூக்க முடியவில்லை. நான் கட்டச் சொன்ன கம்பி. கையால் அவிழ்க்கப் பார்த்து சிறிபாலவின் நகம் பிய்ந்தது. குடையை மடக்கித் துடுப்பாகப் போட்டேன். படகு வட்டமாகச் சுற்றியது. இரண்டாவது தடவை போட்டபோது குடைக் கம்பிகள் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டன. காற்று எங்களை மெல்ல வந்த வழிக்கே தள்ளியது. சிறிபாலவுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. அவர் முதலில் புத்தரைக் கூப்பிட்டார், அது போதாதென்று பிள்ளையாரையும் கூப்பிட்டார்.

நான் பையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தேன். கொதிக்க வைத்து, துணியில் சுற்றி, கட்டிய கத்தரிக்கோல். கட்டை அவிழ்க்கப் போனேன். பின்பலகையில் படுத்துக் கையைத் தண்ணீருக்குள் விட்டால் சணல் நூலை வெட்டிவிடலாம். மோட்டர் ஓடும். ஜம்மென்று போய் இறங்கலாம்.

கட்டின் முதல் சுற்று அவிழ்ந்தபோது கை நின்றது. இந்தக் கத்தரிக்கோல் எதை வெட்டுவதற்குக் கொண்டு வந்தது? அணைத் தண்ணீரில் முக்கி, எண்ணெய்ப் பிசுக்கில் தேய்த்த கத்தரிக்கோலுக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் என்ன வித்தியாசம்? தண்ணீருக்குள் கை நழுவினால் அதுவும் இல்லை.

நான் அக்கரைக்குப் போவதற்கும் காமாட்சியின் பிள்ளை பிழைப்பதற்கும் இடையில் ஒரு மோட்டர் நிற்கிறது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. அந்தப் பிள்ளை பிழைக்கத் தேவை ஒன்றுதான். நான் போகும்வரை யாரும் கொடியை அறுக்கக்கூடாது. அதற்கு மோட்டர் வேண்டாம். வாய் போதும். வாய் என்னிடம் எப்போதும் நல்ல நிலையில்தான் இருந்தது.

கத்தரிக்கோலைத் திரும்பக் கட்டிப் பையில் வைத்தேன். எழுந்து நின்றேன். படகு ஆடியது. அக்கரையில் துறைக்கு மேலே கொழுந்து மலை. அன்று அங்கே பெண்கள் கொழுந்து எடுக்க வரிசை வரிசையாக நிரை பிடித்து நின்றார்கள். மலை உச்சியில் லயம். துறையிலிருந்து லயம் வரை ஆள் விட்டு ஆள் நிற்கிறார்கள்.

முதலில் நான் கத்தியது ஒரு பிரசங்கம். கொடியில் கிருமி எப்படிப் போகும், கத்தியைச் சுட்டாலும் ஏன் போதாது என்றெல்லாம். கரையிலிருந்து வந்த பதில், "என்னா?"

மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி கத்தினேன். "கொடிய அறுக்காதீங்க. நான் வர்ற வரைக்கும் அறுக்காதீங்க. மேல சொல்லுங்க."

துறையில் நின்ற பெண் கேட்டாள். திரும்பி மலையைப் பார்த்துக் கத்தினாள். அதற்கு மேலே இருந்தவள் கூடையோடு திரும்பி அடுத்த நிரைக்குக் கத்தினாள். குரல் மலையில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு இடத்தில் யாரோ ஒருத்தி சேர்த்துச் சொன்னது காற்றோடு எனக்கும் கேட்டது: "மாரியாயி மக சொல்லுது, கொடிய அறுக்க வேணாமாம்."

அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது.

சொன்னது சரியாகப் போனதா என்று தெரிய வேண்டும். லயத்தில் இருப்பவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று மறுபடி கத்தினேன். சிறிபால பிள்ளையாரை விட்டுவிட்டு என்னோடு சேர்ந்து மலையைப் பார்த்தார். காத்திருந்தோம். பிறகு குரல் மேலிருந்து இறங்கி வந்தது. அறுக்க மாட்டோம் என்றார்கள். தலை தெரிகிறது என்றார்கள்.

அடுத்ததாக, பிறந்ததும் பிள்ளையைத் துடைத்து, தாய் வயிற்றின் மேலேயே போட்டு, சுத்தமான துணியால் மூடி, மேலே கம்பளி போடச் சொன்னேன். கொடியைப் பிடித்து இழுக்க வேண்டாம் என்றேன். ஒவ்வொன்றாகத்தான் சொன்னேன். ஒன்று போய்த் திரும்பி வந்த பிறகுதான் அடுத்தது. அந்த இடைவெளிகளில் நான் பயந்ததைப் போல வேலையில் வேறு எப்போதும் பயந்ததில்லை.

கடைசியில் துறைப் பெண் கையை வாயருகில் குவித்துக் கத்தினாள்: "பொறந்திருச்சு. பொம்பளப் புள்ள. அழுகுது."

கொஞ்சம் பொறுத்து மறுபடி: "காமாட்சி கேக்குது, நீ அங்கன என்னா மீன் புடிக்கிறியான்னு."

மலை முழுக்கச் சிரித்தது. அத்தனை நிரையையும் தாண்டி அந்தக் கேலி இறங்கி வந்திருக்கிறது. ஒரு வார்த்தை சிந்தவில்லை. சிறிபாலவுக்கு முழுதாக விளங்கவில்லை. அவரும் சிரித்தார். கேலி பேசுகிறவளுக்கு நினைவு தப்பவில்லை என்று என் நெஞ்சுப் பாரம் இறங்கியது. இறங்கிய பிறகுதான் மூளை வேலை செய்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். தேயிலைப் பெட்டிப் பலகை. நீளம், தட்டை, லேசு. சேலை அழுக்காகாமல் இருக்க நான் போட்டுக்கொண்டது. இவ்வளவு நேரமும் துடுப்பு இல்லை என்று துடித்துக்கொண்டே ஒரு துடுப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பலகையை சிறிபாலவிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முழங்காலில் நின்று போட ஆரம்பித்தார். படகு கோணலாகப் போனது, ஆனால் போனது. வெற்று ஆசனத்தில் உட்கார்ந்த என் வெள்ளைச் சேலை கறுப்பு எண்ணெயையும் செவ்வந்திச் சாற்றையும் குடித்தது. துறையில் இறங்கியபோது யாரும் மோட்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.

மலை ஏறி லயத்துக்குப் போனேன். காமாட்சி படுத்திருந்தாள். அவள் வயிற்றில் கம்பளிக்குக் கீழே பிள்ளை. கொடி அப்படியே இருந்தது. பொன்னம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொட்டுவிடுவேனோ என்று தனக்கே பயந்து கட்டிக்கொண்டாராம். கத்தரிக்கோலின் கட்டை அவிழ்த்தேன். கை கழுவினேன். மற்றது உங்களுக்குத் தெரிந்த வேலை.

எல்லாம் முடிந்த பிறகு, என் பெருமை இன்னும் சாகாததால், பொன்னம்மாவிடம் கேட்டேன். போன தடவை நான் எவ்வளவு சொல்லியிருந்தும் கேட்காதவர், இந்தத் தடவை எப்படிக் கேட்டார்? படித்தவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும் என்று இப்போதாவது தெரிந்ததா?

பொன்னம்மா என் சேலையை மேலும் கீழும் பார்த்தார். "போன தடவ கொழும்புல படிச்ச மிஸ்ஸு ஒன்னு சொல்லிச்சு. அது யாருன்னு எனக்கு என்னா தெரியும்? இன்னிக்கு மலையில இருந்து, மாரியாயி மக சொல்லுதுன்னாங்க. மாரியாயிகூட நான் எத்தன வருசம் ஒரே நெரையில நின்னவ. அவ மக பொய் சொல்லுமா?"

காமாட்சி கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் கத்தரிக்கோலைக் கழுவப் போனேன்.

புதிதாக வருகிற தங்கைமாரே, பாஸ் நூலை எடுத்துச் சரிசெய்த அந்த மோட்டர் இன்னும் ஓடுகிறது. வருடா வருடம் பூசையும் உண்டு. மாலை உண்டு, வாழைநாரில் கட்டி, கரையிலேயே கழற்றிவிட்டுத்தான் கிளம்புவோம். கம்பியை அன்றே வெட்டிப் போட்டோம். துடுப்பு இரண்டும் படகில் கிடக்கும். அவற்றை வெளியே எடுக்கச் சொல்லி எந்தப் படத்தையும் யாரிடமும் காட்டாதீர்கள். அவசரத்தில் நம் கை முதலில் போவது நமக்குப் பெருமை தருகிற பொருளின் பக்கம்தான். அந்த இடத்தில் கையை நிறுத்தி, இங்கே காப்பாற்ற வேண்டியது எது என்று ஒரு தடவை கேளுங்கள். தூரத்துக்குச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லுங்கள், அதைத் திருப்பிக் கேளுங்கள், பிறகு அடுத்தது. புது லயத்துக்குப் போனால், எங்கே படித்தீர்கள் என்பதற்கு முன்னால், யாருடைய மகள் என்று சொல்லுங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எட்டாம் நாள்.

அந்த வாரம் முழுக்க நான் தினமும் அக்கரைக்குப் போனேன். காமாட்சி கேலி பேசினாள், கஞ்சி குடித்தாள், ஆனால் பிள்ளைக்கு ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. எட்டாம் நாள் காலை போனபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். பிள்ளை பக்கத்தில் தூங்கியது. பொன்னம்மா வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. நான் கையைக் கழுவித் துடைத்து, சுண்டுவிரலைப் பிள்ளையின் உதட்டில் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. லேசாக அழுத்தினேன். வாய் திறந்தது. விரலைப் பிடித்து இழுத்தது பாருங்கள், நகமே கழன்றுவிடும் போல.

காமாட்சி திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்னாடி, ஓடுதா?"

"ஓடுது" என்றேன். "முன்னாலதான் ஓடுது."

அப்போதுதான் அவள் திரும்பிப் படுத்து, பிள்ளைக்குக் கையை நீட்டினாள்.